சீப்புக்குப் பதில் சொன்ன தவளை

இன்று மாலை மழை விட்ட கையோடு எண்ணெய் வாடை மேலே ஏறி வந்தது. மண்ணெண்ணெய் மாதிரி, ஆனால் அதைவிட மெலிசு. மூக்கில் நிற்காமல் நேராகத் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். உனக்குத் தெரியாத வாடையா?

சமையலறை ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக ஒரு தொழிலாளி முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு, தேங்கிய தண்ணீரிலெல்லாம் கொசு எண்ணெய் அடித்தபடி வந்துகொண்டிருந்தார். குடை பிடித்தபடி ஒரு மேற்பார்வையாளர் பின்னால் நடந்தார். அடுத்து அவர்கள் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பின்பக்கம்தான் வருவார்கள். அங்கே புக்கிட் பாத்தோக் மேட்டின் அடியில் இன்னும் சிமெண்ட் பூசாத ஒரு மண் வடிகால் இருக்கிறது. போன வார மழையில் அங்கிருந்துதான் அந்தத் தவளைச் சத்தம் கேட்டது.

என் கை தானாகப் பைக்குள் போனது. உன் சீப்பு அங்கேதான் கிடக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக், நடுவில் ஒரு பல் இல்லை. நான் அதால் ஒருமுறைகூடத் தலை வாரியதில்லை. நீயும் வாரியதில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். செத்தவர்கள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற ஆறுதல் உனக்கும் ஒத்துவந்ததில்லை, எனக்கும் ஒத்துவராது. நீ எங்கேயும் இல்லை. ஆனாலும் இந்தத் தவளையைப் பற்றி, இந்த எண்ணெயைப் பற்றி, விளக்கம் சொல்லாமல் பேச எனக்கு இந்த ஊரில் வேறு ஆள் இல்லை.

அந்தச் சீப்பை வாங்கிய காலை ஞாபகம் இருக்கிறது. சனிக்கிழமை. உன் அப்பாவின் கிராஞ்சி செடி நர்சரியிலிருந்து கறிவேப்பிலைக் கட்டும் துளசியும் வாழையிலையும் ஏற்றிக்கொண்டு தேக்கா சந்தைக்கு வந்திருந்தோம். நீ வண்டி ஓட்டினாய். பாலிடெக்னிக்கில் விலங்குப் பராமரிப்பு படித்துவிட்டு, பணக்கார நாய்களுக்கு நகம் வெட்டும் வேலையில் சில மாதம் இருந்துவிட்டு, “நாய்ங்க ஓகே, கூட வர்றதுங்கதான் கடிக்குதுங்க” என்று சொல்லி அப்பாவிடமே திரும்பிய காலம் அது. எனக்குச் சனிக்கிழமை விடுமுறை. தஞ்சோங் பகாரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, தொலைபேசியில் கத்துகிறவர்களிடம் வாரம் முழுக்க மன்னிப்புக் கேட்பது என் பிழைப்பு. என் தாத்தா மூட்டை தூக்கிய துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, குளிரூட்டிய அறையில் அதே குனிவு. உன் வண்டியின் முன்சீட்டில் கறிவேப்பிலை வாசத்தோடு உட்கார்ந்து வருவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

இலை இறக்கி முடித்ததும் நீ ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்து, தொங்கவிட்டிருந்த சீப்புகளை ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து நகத்தால் இழுத்துப் பார்த்தாய். கடைக்கார ஆண்ட்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏம்மா, தலை வாரத்தானே? வீணை வாசிக்கப் போறியா?”

“தவளை கூப்பிட ஆண்ட்டி.”

“எது?”

“தவளை. சீப்புச் சத்தம் கேட்டா இன்னொரு தவளைன்னு நெனச்சு பதில் சொல்லும்.”

அவர் என்னைப் பார்த்தார். “நீ கூடத்தானே வந்தே? ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?”

நீ வெட்கப்படவே இல்லை. “ஆண்ட்டி, இதுல மெல்லிசுப் பல்லு இருக்கிற மாதிரி வேற இருக்கா?” என்று கேட்டாய்.

அன்று மாலையே நர்சரியின் பின்வேலிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். வேலிக்கு அந்தப் பக்கம் தொழிலாளர் விடுதி. வரிசை வரிசையாக ஜன்னல், ஜன்னலெல்லாம் சட்டை. இந்தப் பக்கம் உங்கள் தொட்டிகளிலிருந்து வழியும் தண்ணீர் போகிற ஒரு மண் ஓடை. ஓடை என்பதே பெரிய வார்த்தை. புல்லுக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்குப் பள்ளம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. நீ குந்தி உட்கார்ந்து சீப்பின் பற்களைக் கட்டை விரலால் மெதுவாக இழுத்தாய். கிர்ர்ர்க். கொஞ்சம் விட்டு மறுபடி கிர்ர்ர்க்.

புல்லுக்குள்ளிருந்து யாரோ இன்னொரு சீப்பை இழுத்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ என் தொடையில் அடித்து அடக்கினாய். ஒன்று ஆரம்பித்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பிறகு ஓடை முழுக்க. ஒரு முடிதிருத்தும் கடையே தண்ணீருக்குள் திறந்த மாதிரி. நான் ஓர் அடி நகர்ந்தேன். பக்கத்தில் கத்தியது மட்டும் நின்றது, தூரத்தில் இருந்தவை நிற்கவில்லை. இன்னோர் அடி வைத்தேன். எல்லாம் நின்றன.

“போச்சு. யானைப் பாதம் உனக்கு.”

சத்தத்தை வைத்து நான் கையளவு தவளையைத் தேடினேன். நீ புல்லின் அடியை விலக்கிக் காட்டியபோது அங்கே இருந்தது என் கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சங்கதி. கூரான சின்னத் தலை, கொழுத்த பின்பக்கம், தொண்டையில் உடம்புக்குப் பொருந்தாத ஒரு பலூன்.

“இது தேரைக் குட்டிதானே?”

“தேரைக் குட்டியா? தேரைக்கு மேலெல்லாம் மரு இருக்கும்டி. இத பாரு, வழவழன்னு இருக்கு. பக்கவாட்டுல பாரு, மூக்குலேருந்து இடுப்பு வரைக்கும் மை பூசின மாதிரி கறுப்பு. முதுகு மட்டும் வெளுத்த பழுப்பு. நடுவுல நூல் மாதிரி ஒரு கோடு ஓடுதா? அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் குட்டியா ரெண்டு வளைவு இருக்கா? பிராக்கெட் போட்ட மாதிரி?”

இருந்தது. நடு முதுகில், உள்ளே எதுவும் எழுதாத ஓர் அடைப்புக்குறி.

“இதோட பங்காளி ஒண்ணு இருக்கு. அதுக்கு முதுகு பூராவும் பூப்போட்ட பத்திக் துணி மாதிரி டிசைன். இதுக்கு இந்த பிராக்கெட் ஒண்ணுதான். ஏழை” என்றாய். கறுப்புப் பக்கத் தவளை என்று நாமாக ஒரு தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டோம்.

அடுத்த மாதங்களில் அதன் வாழ்க்கை முழுக்க எனக்கு அத்துப்படியாகிவிட்டது. நான் கேட்டேனா இல்லையா என்பதெல்லாம் உனக்குப் பொருட்டில்லை. அதற்கு எறும்பும் கரையானும்தான் சாப்பாடு. பகலில் புல்வேருக்குள் கிடக்கும். முட்டைகள் தண்ணீரின் மேல் ஒரே படலமாக, வேகவைத்த சவ்வரிசியை ஊற்றிப் பரப்பிய மாதிரி மிதக்கும். தலைப்பிரட்டைகள் கண்ணாடி. உள்ளே குடல் சுருண்டிருப்பது வரை தெரியும். அவற்றின் வாய் மேல் நோக்கி, புனல் மாதிரி விரிந்திருக்கும். தண்ணீரின் மேல்தோலில் தொங்கிக்கொண்டு, அங்கே மிதக்கிற தூசு தும்பை உறிஞ்சியே வளரும்.

“கீழே என்ன இருக்குன்னு பார்க்கவே பார்க்காது” என்றாய் ஒருநாள். “மேலேருந்து என்ன விழுதோ அதத் தின்னு உயிர் வாழும். நம்ம ஆளுங்க மாதிரி.”

நாம் ஒலிப்பதிவை இணையத்தில் ஒரு தவளை ஆர்வலர் குழுவுக்கு அனுப்பியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீ இரண்டு பதிவு அனுப்பினாய். ஒன்று ஓடையில் எடுத்தது. மழையும் லாரி சத்தமும் கலந்து ஒன்றும் விளங்காது. இன்னொன்று உன் அறையில் நீ சீப்பை இழுத்துப் பழகியது. அதைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டாய். பதில் வந்தது. முதல் பதிவு தெளிவில்லை. இரண்டாவது மிகத் தெளிவான ஆண் குரல், இன்ன இனம், ஐயமில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாய். “என் சீப்புக்கு ஆண் குழந்தைடி!”

ஆனால் பதிலின் கடைசி வரி உன் சிரிப்பை நிறுத்தியது. மிகச் சாதாரணமான இனம், கவலைப்பட ஏதுமில்லை.

“காமன்னா கவலை இல்லையா?” என்று கேட்டாய், என்னிடம் இல்லை, திரையிடம். “அபூர்வமா இருந்தா பலகை வெப்பாங்க, வேலி போடுவாங்க. நெறைய இருந்தா மிதிக்கலாம். அப்படித்தானே?”

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி வந்து நின்று, பின்தட்டிலிருந்து ஆட்கள் குதித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நீ அவர்களைக் காட்டவில்லை. காட்டவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அந்த லாரியில் வருகிற செல்வத்தை நீ வம்புக்கு இழுக்காத நாள் கிடையாது. புதுக்கோட்டைக்காரன், கம்பி கட்டுகிற வேலை. ரசத்துக்குக் கறிவேப்பிலை கேட்டு வேலியோரம் வந்து நிற்பான்.

“என்ன தவளை டாக்டர், ஓபி ஆரம்பிச்சாச்சா?”

“உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?”

“பேரா? எங்க ஊர்ல இதுக்கெல்லாம் பேர் வெச்சுக்கிட்டு உக்கார நேரமில்லக்கா. மிதிச்சா செத்துரும், அவ்வளவுதான்.”

“நாசமாப் போக. கறிவேப்பிலை கிடையாது, போ.” ஆனாலும் கொடுப்பாய், ஒரு கொத்துக்கு இரண்டாக.

பிறகு எண்ணெய் வந்தது. விடுதி நிர்வாகம் அமர்த்திய ஆட்கள் வேலியைத் தாண்டி வந்து, ஓடையிலும் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் அன்று உன்னுடன் இருந்தேன். தண்ணீரின் மேல் வானவில் மினுங்கியது. தலைப்பிரட்டைகள் எல்லாம் வெளுத்து, வாயை மேலே திறந்தபடி மிதந்தன. மேல்தோலில் வாய் வைத்து வாழ்கிற உயிருக்கு மேல்தோலில் எண்ணெய். அடியில் வாழ்கிற வேறு தலைப்பிரட்டைகள் பிழைத்துக் கிடந்தன. நீ எழுந்து, சேற்றுக் காலோடு விடுதி மேலாளரின் அலுவலகத்துக்குள் நடந்தாய். நான் உன் பின்னால் ஓடினேன்.

அவர் நம்மவர்தான். நெற்றியில் திருநீறு, மேசையில் ஒரு குட்டிப் பிள்ளையார். கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்குச் சுலபம். அவர் கெட்டவர் இல்லை. தலைக்கு மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

“எண்ணெய் வேணாங்க. கொசுப்புழுவை மட்டும் கொல்ற மருந்து இருக்கு, குருணை மாதிரி. தவளைக்கு ஒண்ணும் ஆகாது. நானே வாராவாரம் போடுறேன், நானே அள்ளிப் பாக்குறேன்.”

“பாப்பா, எனக்கும் ஆசைதான் லா. ஆனா மேல கேட்டா நான் என்ன சொல்றது?” யோசித்தார். அவர் முகம் திடீரென்று தெளிந்தது. “இப்படிச் செய்வோமா? இந்தத் தவளை கொசுவைத் தின்னும்னு நீ ஒரு வார்த்தை எழுதிக் குடு. நீதான் படிச்சிருக்கியே. நேச்சுரல் கண்ட்ரோல்னு போட்டுடலாம். எல்லாரும் ஹேப்பி.”

நான் உன் முழங்கையை இடித்தேன். சொல்லு, சொல்லித் தொலை என்று. ஒரு வார்த்தையில் முடிகிற காரியம்.

“இது எறும்பு தின்னும் அங்கிள். கரையான் தின்னும். கொசுவைத் தின்னுதுன்னு என்னால எழுத முடியாது.”

“ஐயோ, ஒரு பேச்சுக்கு—”

“பிரயோஜனம் இருந்தாத்தான் உயிரோட இருக்கலாம்னா அப்புறம் எல்லாருக்கும் கணக்குக் கேக்கணும்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்ன வாக்கியம் எனக்கு அப்படியே நினைவில் நிற்கிறது. “சரி, நீயே பாத்துக்கோ. ஆனா நாளைக்கு ஏதாவது வந்துச்சுன்னா உன் பேருதான்.”

“என் பேருதான்” என்றாய்.

வெளியே வந்ததும் உன்னைத் திட்டினேன். ஒரு பொய்யில் தப்பிக்க வேண்டியதை வாயால் கெடுத்தாய் என்றேன். “பொய் சொல்லிக் காப்பாத்தினா, பொய் தெரிஞ்ச அன்னிக்கு எண்ணெய் அடிச்சிருவாங்கடி” என்றாய்.

வாராவாரம் குருணை போட்டாய். ஓர் அகப்பையை வெள்ளையடித்து வைத்திருந்தாய், கொசுப்புழு இருந்தால் கறுப்பாகத் தெரியும் என்று. ஓடையின் ஒவ்வொரு வளைவிலும் அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவாய். அந்தப் பருவத்தில் தவளைகள் கத்திய மாதிரி நான் எங்கேயும் கேட்டதில்லை. உன் அப்பாகூட ஒருநாள் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, “உன் கச்சேரி ஆரம்பிச்சிருச்சு, போ” என்றார். அவர் அப்படிக் கேலி பேசியது அதுதான் கடைசி.

விடுதியில் டெங்கி வந்தது. முதலில் ஒருவர், பிறகு ஓர் அறை, பிறகு ஒரு மாடி. செல்வமும் படுத்தான். நர்சரிக்காரர்களும் விடுதி ஆட்களும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் யாரோ உங்கள் ஓடையைப் படம் எடுத்துப் போட்டார்கள். புல்லும் தண்ணீரும், ஓரத்தில் உன் வெள்ளை அகப்பை. கீழே வரிசையாக வந்தவை இன்னும் உன் அப்பாவின் கைபேசியில் இருக்கின்றன. தவளைக்காரி வளர்த்த கொசு. மனுஷனைவிடத் தவளை பெருசு. ஒருவர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்.

நீ அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாய். “வந்து அள்ளிப் பாருங்க. ஒரு புழு காட்டுங்க. டெங்கி பரப்புற ஏடிஸ் கொசு சேத்துல முட்டை போடாது, சுத்தமான தண்ணியில, பாத்திரத்துல, தார்ப்பாய்லதான் போடும். அதுக்கு நம்மளவிட சுத்தம் ஜாஸ்தி.” யாரும் வரவில்லை. ஓடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குனிந்து பார்க்க ஒருவருக்கும் முதுகு வளையவில்லை. குற்றவாளி ஏற்கெனவே கிடைத்துவிட்டாளே.

உன் அப்பாவும் கத்தினார். “தவளைக்காக ஆளைக் கொல்லப் பாக்குறியா?” அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நிலத்தின் குத்தகை முடியும் நேரம். புகார் ஒன்று போனால் நீட்டிப்பு கிடைக்காது என்கிற பயம். ஆனால் நீ அதற்குப் பதில் சொல்லாமல் நின்றதை நான் பார்த்தேன். யார் கத்தினாலும் திருப்பிக் கத்துகிறவள் நீ.

அதற்கப்புறம் உனக்கே காய்ச்சல்.

நாம் எல்லோரும் செய்த தப்பை இப்போது எழுதத்தான் வேண்டும். காய்ச்சல் கொதித்த நாட்களில் பயந்தோம், கிளினிக்குக்கு ஓடினோம், இளநீர் கொடுத்தோம். காய்ச்சல் விட்டதும் சந்தோஷப்பட்டோம். உன் அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை முடிக்கப் போனார். நான் வேலைக்குப் போனேன். டெங்கியில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்து என்று கிளினிக்கில் கொடுத்த தாளிலேயே அச்சடித்திருந்தது. நாம் நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்தோம், தாளைப் பார்க்கவில்லை. நம் வீடுகளில் நெற்றி குளிர்ந்தால் நோய் போனது என்று அர்த்தம்.

உடம்பு குளிர்ந்த அந்த மாலையில் நீ எழுந்து அகப்பையோடு ஓடைக்குப் போனாய். புழு இல்லை என்று காட்ட ஒரு காணொளி எடுத்து எனக்கு அனுப்பினாய். வெள்ளை அகப்பையில் தெளிந்த தண்ணீர், ஒரே ஒரு தலைப்பிரட்டை, மேலே வாய் வைத்துக்கொண்டு. பின்னணியில் உன் குரல். “பாத்தியா? க்ளீன்.” அலுவலகத்தில் யாரோ என்னிடம் கத்திக்கொண்டிருந்ததால் அதைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். நான் பார்க்கும்போது உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. நீ திரும்பி வரவில்லை.

மண்டாய் தகனக் கூடத்தில் உன்னை எரித்த அன்று விடுதி நிர்வாகத்திடமிருந்து ஒரு பெரிய மலர் வளையம் வந்தது. உன் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, எனக்குக் கேட்கும்படியாகவே, “தான் வளர்த்தது தன்னையே கடிச்சிருச்சு” என்றாள். நான் அங்கேயே அவளிடம் சண்டைக்குப் போனேன். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, “இன்னிக்காவது அவ நிம்மதியா போகட்டும்மா” என்றார். நீ நிம்மதியாகப் போகவில்லை. உன் பெயர் அவர்கள் வாயில் கிடந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா கூட்டத்தில் செல்வம் என்னைக் கண்டு ஓடி வந்தான். உடம்பு பாதியாகியிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தபடியே சொன்னான். அதிகாரிகள் வந்து விடுதி முழுக்கத் தேடியிருக்கிறார்கள். சாமான் கிடங்கின் பின்னால் மடித்துப் போட்ட தார்ப்பாய்கள், மடிப்பு மடிப்பாக மழைத் தண்ணீர், தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு. அன்றைக்கே எல்லாவற்றையும் அள்ளிக் கழுவிவிட்டார்களாம். ஓடையில் ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

“இத எல்லார்கிட்டேயும் சொல்லு செல்வம்.”

“நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்கக்கா. வேலை பெர்மிட்டு போயிரும். ஊர்ல தங்கச்சிக்கு நிச்சயம் பண்ணியிருக்கு.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “டாக்டர் பாவம்க்கா. கேட்டதுக்கு ஒரு பேராவது வெச்சுச் சொல்லியிருக்கலாம் நான்.”

அன்று மாலை உன் அப்பாவின் கைபேசியை வாங்கி அந்தக் குழுவில் எழுதினேன். ஓடைக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை என்று அதிகாரிகள் கண்டுவிட்டார்கள், என் மகளைப் பற்றி எழுதியவர்கள் அதைத் திருத்தி எழுதுங்கள் என்று அவர் பெயரிலேயே, அவர் சம்மதத்தோடு. பிறகு மேலாளர் எழுதினார். பிரச்சினை தீர்க்கப்பட்டுவிட்டது, எல்லோரும் முன்னேறிச் செல்வோம் அங்கிள். அதன் கீழே கட்டை விரல்கள் வரிசையாக உயர்ந்தன. சிரிக்கிற முகம் போட்டவரும் ஒரு கட்டை விரல் போட்டார். உன் அப்பா கைபேசியைத் திருப்பி வாங்கி, குழுவிலிருந்து வெளியேறி, தொட்டிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

நிலத்துக்கு நீட்டிப்பு கிடைக்கவில்லை. அது உன்னாலும் இல்லை, தவளையாலும் இல்லை. அந்த வரிசை முழுவதற்கும் கிடைக்கவில்லை. இப்போது அங்கே தகரத் தடுப்பு நிற்கிறது. நான் ஒரு மழை நாளில் போய்த் தடுப்பின் இடுக்கில் பார்த்தேன். உன் ஓடை சிமெண்டாகிவிட்டது. நேராக, சுத்தமாக, ஒரு புல் இல்லாமல். சீப்பை இழுத்தேன். அதில்தான் அந்தப் பல் உடைந்தது. உன் அப்பா தேக்காவில் உன் சித்தப்பா கடையில் மலேசியாவிலிருந்து வரும் கறிவேப்பிலையைக் கட்டுகளாகக் கட்டுகிறார். என்னைப் பார்த்தால் ஒரு கொத்து எடுத்துக் கொடுப்பார். உன்னைப் பற்றிப் பேசுவோம். தவளையைப் பற்றிப் பேச மாட்டோம்.

இனி இன்றைய மாலை.

நான் படியிறங்கி ஓடியபோது அவர்கள் மண் வடிகாலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். தெளிப்பான்காரர் குழாயைக் கையில் எடுத்துவிட்டார். நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். மேற்பார்வையாளர் குடையைச் சாய்த்துப் பார்த்தார். தமிழர், என்னைவிடச் சில வயது மூத்தவர்.

“என்னா சிஸ்டர், வழியில நிக்கிறீங்க?”

சீப்பை எடுத்து இழுத்தேன். உடைந்த பல் இருக்கிற இடத்தில் சத்தம் ஒரு நொடி தடுக்கும். கிர்ர்-ர்க். ஒன்றுமில்லை. தெளிப்பான்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். இன்னொரு முறை இழுத்தேன். மேட்டுப் புல்லுக்குள்ளிருந்து பதில் வந்தது. ஒன்று மட்டும்தான்.

மேற்பார்வையாளர் புருவத்தைத் தூக்கினார். நான் தண்ணீரைக் காட்டினேன். சவ்வரிசி மாதிரி முட்டைப் படலம் மிதந்துகொண்டிருந்தது. எண்ணெய் அடித்தால் இது செத்துப்போகும், கொசுப்புழுவை மட்டும் கொல்கிற குருணை இருக்கிறது, இந்த வடிகாலில் அதைப் போடுங்கள், வாராவாரம் நான் அள்ளிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நீ பேசிய அதே வார்த்தைகள். வேறு வார்த்தை எனக்குத் தெரியாது.

“அபூர்வத் தவளையா சிஸ்டர்?”

“இல்ல. ரொம்ப சாதாரணம்.”

“அப்புறம் என்ன?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, குரலை இறக்கினார். “சரி லா. தவளை கொசுவைத் தின்னும்ல? அப்படிச் சொல்லிக்கிறேன் மேல. விட்ருவாங்க.”

அவ்வளவு சுலபம். வாயைத் திறந்து ஆமாம் என்றால் போதும். உன்னை அன்று இடித்த முழங்கை இதுதான். மனசார அந்த ஆமாமைச் சொல்ல நினைத்தேன். கொசு எத்தனை பொய்யில் வளர்கிறது. ஒரு தவளை ஒரு பொய்யில் பிழைத்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன்.

“தின்னாதுண்ணே” என்றேன். “எறும்புதான் தின்னும்.”

அவர் நீளமாக மூச்சு விட்டார். தெளிப்பான்காரர் குழாயைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேட்டில் அந்தத் தவளை, யார் கூப்பிட்டது என்று தெரியாமல், மறுபடி ஒருமுறை கத்தியது.

“குருணை ஸ்டோர்ல கிடக்கு. ஒரு மாசம் போட்டுப் பாக்கலாம்” என்றார் கடைசியில். “ஆனா சிஸ்டர், இந்த புளோக்குல யாருக்காவது காய்ச்சல் வந்தா என்னைய வந்து கேப்பாங்க. நான் யாரைச் சொல்றது?”

எங்கள் மாடியில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. கீழ் வீட்டுத் தாத்தாவுக்கு நடக்க முடியாது. கார் நிறுத்துமிடத்துக்கு அந்தப் பக்கம் யாரோ தார்ப்பாயை மடித்துப் போட்டிருக்கிறார்கள்; நாளைக் காலை முதல் வேலையாக அதைப் போய்ப் பார்க்க வேண்டும். அதில் புழு இருந்தாலும், அதைக் கொட்டிக் கழுவினாலும், நாளைக்கு இங்கே ஒருவர் படுத்தால் இந்த வடிகாலைத்தான் படம் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உனக்கு அன்று இது தெரியாது. எனக்குத் தெரிந்தும் வாயில் அதே வார்த்தைதான் வந்தது.

“என் பேருதான்” என்றேன்.